இல்லமே பள்ளியாக: அயல்நாட்டில் ஒரு பெருங்குடும்பத்தின் அன்றாடம்

முன்னுரை

கல்வி என்னும் சொல் 'கல்' என்னும் வேரினின்று பிறந்தது. அவ்வேருக்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. மனத்தைத் தோண்டி அறிவை ஊறச் செய்வதே கல்வி என நம் ஆசான்மார் விளக்குவர். அவ்வாறு தோண்டும் இடம் பள்ளிக்கூடமாகத்தான் இருத்தல் வேண்டுமா? வீடாகவும் இருக்கலாமா? இவ்வினா இன்று நம் வாசற்படிக்கே வந்துவிட்டது.

நம் ஊர்களினின்று பொருள் தேடிச் சென்று அயல்நாடுகளில் குடியமர்ந்த குடும்பங்களுள் சில, தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பயிற்றுவிக்கின்றன. விடுமுறையில் அவர்கள் ஊர் வரும்போது பெரியோர் வியப்பும் கவலையும் கலந்து வினவுகின்றனர். "பள்ளிக்கே போகாத பிள்ளை எப்படித் தேறும்? ஐந்தாறு பிள்ளைகளை ஒரு தாய் எவ்வாறு பயிற்றுவிப்பாள்?" இவை நேர்மையான வினாக்கள். இவற்றுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

மக்கள் பலராயிருத்தல் வீட்டுக் கல்விக்குத் தடை என்றே முதற்கண் தோன்றும். அணுகி நோக்கின், அதன் பெருவலிமையும் அதுவே என்பது புலப்படும். அவ்வலிமை முழுவதும் மூத்த பிள்ளையின் தோள்மீது நிற்கின்றது. அத்தோள் தாங்குமா என்பதே நாம் கருத வேண்டிய செய்தி.

இல்லக் கல்வி யாது?

பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு மாலையில் வீட்டில் பாடம் சொல்லித் தருவதை இல்லக் கல்வி என்பதில்லை. பள்ளிக்குச் செல்லாமல், பெற்றோரின் பொறுப்பிலேயே பிள்ளை முழுநேரமும் கற்பதே இல்லக் கல்வி. பாடத்திட்டத்தைத் தேர்வதும் நேரத்தை வகுப்பதும் முன்னேற்றத்தை அளப்பதும் பெற்றோர் கடமையாகின்றன. பிள்ளை பிற்காலத்தில் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுகின்றது.

அயல்நாட்டில் வாழ்வோர் இதனை மேற்கொள்வதற்குக் காரணங்கள் பல. சிலர் பணியின் பொருட்டு இரண்டு மூன்றாண்டுக்கு ஒரு முறை நாடு மாறுகின்றனர். சிலருக்குப் பிள்ளைகள் பலராதலின், தனியார் பள்ளிக் கட்டணத்தை அத்துணைப் பேருக்கும் செலுத்த இயலவில்லை. சிலர் தம் சமயமும் மொழியும் வழக்கமும் பிள்ளைகளிடம் நிலைபெற வேண்டும் என விழைகின்றனர். வேறு சிலர், தம் பிள்ளையின் தனித்தன்மைக்கு வகுப்பறை பொருந்தவில்லை எனக் கருதுகின்றனர்.

சட்டம் கூறுவது

இல்லக் கல்வியை மேற்கொள்ள விரும்புவோர் முதலில் அறிய வேண்டுவது, தாம் வாழும் நாட்டின் சட்டம். இவ்வகையில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன.

ஜெர்மனியில் மிக அரிதான விலக்குகள் நீங்கலாகப் பள்ளிக்கு நேரில் செல்வது கட்டாயம். அந்நாட்டைச் சேர்ந்த ரோமைக்கே குடும்பத்தினர் தம் மக்களை வீட்டில் பயிற்றுவித்தமைக்காகத் தண்டம் விதிக்கப்பெற்று, 2008இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குடியேறினர். 2010இல் குடிவரவு நீதிபதி ஒருவர் அவர்களுக்குப் புகலிடம் வழங்கினார். மேல்முறையீட்டில் அது மறுக்கப்பட்டது. 2014 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்த மறுநாளே, அவர்களை வெளியேற்றும் நடவடிக்கையை அரசு காலவரையறையின்றி ஒத்திவைத்தது. வீட்டில் பாடம் சொல்லும் உரிமைக்காக ஒரு குடும்பம் நாடு பெயர்ந்த வரலாறு இது.

சுவீடன் நாட்டில் 2011இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம், தனிச்சிறப்பான சூழல் இருந்தாலன்றி இல்லக் கல்விக்கு இசைவு தருவதில்லை. பிரான்சில் முன்னர் அறிவித்தாலே போதுமாயிருந்தது. 2022ஆம் ஆண்டிலிருந்து முன் அனுமதி பெறல் வேண்டும். அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களிலும் இல்லக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டது. ஆயினும் நியூயார்க் மாநிலத்தில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் அளித்தல் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் அத்தகைய அறிக்கைகள் இல்லை.

தமிழர் வாழும் சிங்கப்பூரில், 2003ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, இல்லக் கல்விக்குக் கல்வி அமைச்சின் விலக்குப் பெறல் வேண்டும். அவ்வாறு பயிலும் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைப் பள்ளி மாணவரைப் போன்றே எழுதுதல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், அதன் வழிவந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் கல்வியைப் பெற்றோரின் கடமையாக வகுத்தன. பிள்ளையின் வயதுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியை, பள்ளியிலோ வேறு வகையிலோ பெறச் செய்தல் வேண்டும் என்பது அவற்றின் கருத்து. 'வேறு வகையிலோ' என்னும் அச்சிறு தொடரே அந்நாட்டில் இல்லக் கல்விக்கு அடித்தளம்.

அஞ்சலில் வந்த பள்ளி

அயல்நாட்டுக் குடும்பங்களின் வீட்டுக் கல்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கல்வர்ட் பள்ளி, 1906ஆம் ஆண்டளவில் பாடங்களை அஞ்சல்வழி அனுப்பத் தொடங்கியது. தூதரகப் பணியாளர், படைவீரர், சமயத் தொண்டர் எனப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தோரின் பிள்ளைகள் அப்பாடங்களால் பயனடைந்தனர்.

அதற்கும் முன்னரே இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்னும் கல்வியாளர் 1887இல் பெற்றோர் கல்விச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1891 முதல் அவருடைய அமைப்பு, பருவந்தோறும் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பியது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களும் அதனைப் பின்பற்றின.

மேசன் வகுத்த முறை எளியது. சிறுவர்க்குப் பாடவேளை பதினைந்து அல்லது இருபது நிமிடங்களே. நல்ல நூலை ஒரே முறை படித்துக் காட்டுதல் வேண்டும். கேட்ட பிள்ளை அதனைத் தன் சொற்களால் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். பாடங்கள் முற்பகலில் முடிந்துவிடும். பிற்பகல் வெளியில் உலாவவும், செடிகொடி பறவைகளைக் கண்டு குறிப்பேட்டில் வரையவும் உரியது. ஒரு நூலைப் பல வயதினர்க்கும் பொதுவாகப் படிக்கலாமாதலின், பெருங்குடும்பங்கள் இம்முறையை இன்றும் விரும்பி ஏற்கின்றன.

ஒரு நாளின் நடைமுறை

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். பதினைந்து வயது மகள், பதின்மூன்று வயது மகன், பத்து, எட்டு, ஐந்து வயதுப் பிள்ளைகள், இரண்டு வயதுக் குழந்தை என மக்கள் அறுவர். இஃது எவர் ஒருவரையும் சுட்டுவதன்று. இத்தகைய இல்லங்களில் பொதுவாக நிகழ்வதை ஓரிடத்தில் திரட்டிக் காட்டுவதேயாகும்.

நாள் சுபுஹுத் தொழுகையோடு தொடங்கும். அதன்பின் சிறிது நேரம் ஓதல். காலையுணவு முடிந்ததும் வீட்டு வேலைகள் பங்கிடப்படும். ஒருவர் பாத்திரம் கழுவ, ஒருவர் துணி மடிக்க, எட்டு வயதுப் பிள்ளை கூடத்தைப் பெருக்கும். பள்ளியில் இவ்வேலைகளைச் செய்யத் தனி ஆள் உண்டு. வீடே பள்ளியானால் மாணவரே ஆள்.

ஒன்பது மணியளவில் பொதுப்பாடம். வரலாற்றுநூல் ஒன்றை உம்மா உரக்கப் படிப்பார். எல்லாப் பிள்ளைகளும் சூழ்ந்திருந்து கேட்பர். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டதை ஓவியமாக வரையும். எட்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்லும். பத்து வயதுப் பிள்ளை ஐந்தாறு வரி எழுதும். மூத்தவர் இருவரும் ஒரு பக்கக் கட்டுரை வரைவர். பாடம் ஒன்று, விளைவு ஐந்து. தாய் ஐந்து வகுப்பு எடுக்க வேண்டுவதில்லை.

கணக்கும் எழுத்தும் இவ்வாறு பொதுவில் நடவா. அவை படிப்படியாக ஏறவேண்டிய பாடங்கள். ஆதலின் பத்து மணிக்குமேல் ஒவ்வொருவரும் தத்தம் புத்தகத்தோடு அமர்வர். தாய், படிக்கத் தொடங்கும் ஐந்து வயதுப் பிள்ளையோடு இருப்பார். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாட்டைக் காக்கா கேட்பான். மூத்த மகள் தன் தேர்வுப் பாடத்தைப் படிப்பாள்.

இவ்வேளையில் பெருஞ்சிக்கல் கணக்குமன்று, இலக்கணமுமன்று. இரண்டு வயதுக் குழந்தையே. அது மேசைமீது ஏறும். மை கொட்டும். விடைத்தாளைக் கிழிக்கும். ஆகவே அரைமணிக்கு ஒருவராக முறைவைத்து அதனோடு விளையாடுவர். கால அட்டவணையில் 'குழந்தை பார்த்தல்' என்பதும் ஒரு பாடவேளையாகவே இடம்பெறும்.

நண்பகலில் சமையல். மாவு அளப்பதில் பின்னக் கணக்கும், அடுப்பில் நீர் ஆவியாவதில் அறிவியலும் இடம்பெறும். பிற்பகலில் பூங்கா, பொதுநூலகம், நீச்சற்குளம், அல்லது இல்லக் கல்வி மேற்கொள்ளும் பிற குடும்பங்களோடு கூட்டம். பிள்ளைகள் ஒத்த வயதினரோடு பழகுவதற்கு இக்கூட்டங்களே வாயில். இவற்றை விடுத்த இல்லங்களில் பிள்ளைகள் தனிமைப்படுவர் என்ற பெரியோரின் அச்சம் உண்மையாகிவிடும்.

பருவமும் நாளை மாற்றும். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவதால், லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று வேளைகளும் நண்பகலிலிருந்து ஏறத்தாழ நான்கு மணிநேரத்திற்குள் வந்துவிடும். வீட்டில் பயிலும் பிள்ளை பாடத்தை நிறுத்தித் தொழுதுவிட்டுத் தொடரலாம். கோடையிலோ இரவு மிகக் குறுகுவதால் காலைப் பாடம் பின்தள்ளப்படும்.

மாலையில் வாப்பா வேலையினின்று திரும்பியதும், அன்று கற்றதை ஒவ்வொரு பிள்ளையும் அவரிடம் சொல்லும். தாய் அன்றைய பாடங்களைத் தேதியிட்டு ஏட்டில் குறிப்பார். எழுதிய தாள்களை உறையிட்டு வைப்பார். அலுவலர் வினவும் நாளில் அக்குறிப்பே சான்று.

மூத்தவர் இளையவர்க்கு ஆசானாதல்

மேற்கண்ட நடைமுறையை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும். அவ்வீட்டின் ஆசிரியர் தாய் ஒருவர் மட்டும் அல்லர். மூத்த மக்கள் இருவரும் ஆசிரியரே. இம்முறை நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர். முதிர்ந்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லுவான், ஒப்பிக்கவும் கேட்பான்.

1789இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகள் ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்தியர், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதனைப் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றுவித்தார். தாயகம் திரும்பியபின் 1797இல் அது குறித்து நூல் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு பிரிட்டனில் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் லண்டனில் இதையொத்த முறையை வளர்த்தார்.

நம் கடற்கரை ஊர்களிலும், ஆடவர் கடல்கடந்து வாணிகம் செய்த காலத்தில், பெண்மக்கள் பலர் இல்லங்களிலேயே ஓதக் கற்றனர். அரபுத்தமிழ் ஏடுகளைப் படித்தனர். ஓதி முடித்த லாத்தாவே அடுத்த தங்கையின் பாடத்தைக் கேட்டாள். பள்ளியின் வாசலைக் காணாத அப்பெண்கள் எழுத்தறியாதவர் அல்லர்.

மூத்த பிள்ளையின் சுமை

இம்முறையின் நன்மை தீமை இரண்டையும் ஒருங்கே காட்டும் குடும்பம் ஒன்று வரலாற்றில் உண்டு. 'பிரித்தானிய இந்தியாவின் வரலாறு' எழுதிய ஜேம்ஸ் மில்லின் குடும்பமே அது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியேறிய அவர், லங்காஸ்டர் முறையை ஆதரித்தவர். அவருக்கு மக்கள் ஒன்பதின்மர். மூத்தவர் 1806இல் பிறந்த ஜான் ஸ்டூவர்ட் மில். பிற்காலத்தில் பெரும் சிந்தனையாளராக விளங்கிய அவர் பள்ளிக்கே சென்றதில்லை.

மூன்று வயதில் அவருக்குக் கிரேக்கம் தொடங்கப்பட்டது. தந்தை வரலாற்றுநூல் எழுதிய அதே மேசையில் மகன் அமர்ந்து படித்தார். அக்காலக் கிரேக்க அகராதிகள் இலத்தீனில் பொருள் தந்தமையாலும், அவர் இன்னும் இலத்தீன் கற்காமையாலும், தெரியாத சொல் ஒவ்வொன்றையும் தந்தையிடமே கேட்டார். பொறுமை குறைந்தவராயினும் தந்தை எழுதுகோலை நிறுத்தி விடை சொன்னார். காலையுணவுக்கு முன் இருவரும் உலாவச் செல்வர். முந்தைய நாள் படித்ததைச் சிறு தாள்களில் எழுதிய குறிப்புகளின் துணையோடு மகன் சொல்லிக்கொண்டு நடப்பார். அறிவைப் பகிர்ந்த அவ்விருவரின் நெருக்கம் எந்த வகுப்பறையிலும் வாய்ப்பது அரிது.

எட்டாம் வயதில் மில் இலத்தீன் கற்கத் தொடங்கியதும், அதனைத் தங்கைக்குக் கற்பிக்கும் பொறுப்பும் வந்தது. பின்னர் ஏனைய தம்பி தங்கையரும் மாணவராயினர். அவர்கள் பாடம் தவறினால் தந்தையிடம் அதற்கு விடையிறுக்க வேண்டியவர் மூத்தவரே. 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் இதனை நடுநிலையோடு ஆராய்கின்றார். பிறர்க்குக் கற்பித்தமையால் தாம் கற்றது ஆழமாகப் பதிந்தது என்கின்றார். எனினும் அம்முறையால் இளையோர் நன்கு கற்கவில்லை என்றும், ஆசிரியர் மாணவர் என்னும் உறவு உடன்பிறந்தார் இருதிறத்தார்க்கும் நலம் செய்யவில்லை என்றும் கூறுகின்றார். விடுமுறையும் ஒத்த வயதுத் தோழரும் இன்றி வளர்ந்த அவர், 1826இல், தம் இருபதாம் வயதில், கடும் மனச்சோர்வுக்கு ஆளானார்.

இதனால் பெறப்படும் பாடங்கள் சில. மூத்த பிள்ளையின் சொந்தப் படிப்பு நேரம் எக்காரணத்தாலும் பறிக்கப்படலாகாது. அது கற்பிக்கும் நேரம் நாள்தோறும் அரைமணி, மிகினும் ஒரு மணி என வரையறுக்கப்பட வேண்டும். தான் விரும்பும் பாடத்தையே அது சொல்லித்தரட்டும். இளையவன் பாடம் தவறினால் மூத்தவனைக் கடிதல் கூடவே கூடாது. விடையிறுக்கும் பொறுப்புப் பெற்றோருடையது. இந்தத் துணைப்பணி பெண்மக்களுக்கு மட்டும் என ஒதுக்கப்படலாகாது. சமையலும் குழந்தையும் தங்கையின் பாடமும் மகளுக்கு, தேர்வும் விளையாட்டும் மகனுக்கு எனப் பிரிந்த வீடு, பள்ளி என்னும் பெயருக்கு உரியதன்று.

தாயின் உழைப்பு

மில்லின் தன்வரலாற்றில் மற்றொன்றும் கருதத்தக்கது. ஒன்பது மக்களைப் பெற்று அவ்வில்லத்தை நடத்திய அன்னையைப் பற்றி, அச்சிடப்பெற்ற அந்நூலில் குறிப்பே இல்லை. தந்தையின் புகழ் பக்கம் பக்கமாக விரிகின்றது. சோறு சமைத்தவரும் சிறு குழந்தைகளைக் கவனித்தவரும் மறைந்துபோயினர்.

இல்லக் கல்வியைப் புகழ்வோர் இதனை மறத்தலாகாது. அயல்நாட்டில் மாமியாரும் நாத்தனாரும் அருகில் இல்லை. அண்டைவீட்டார் பழக்கமும் குறைவு. தாய் நோயுற்றால் பள்ளியும் அடுக்களையும் ஒருங்கே மூடப்படும். ஆகவே தந்தை மாலையில் பாடம் கேட்பதோடு அமையாது, வாரத்தில் சில பாடங்களைத் தாமே ஏற்றல் வேண்டும். தாய்க்கென ஓய்வுநேரமும் அட்டவணையில் எழுதப்பட வேண்டும்.

தாய்மொழி நிலைபெறுதல்

தமிழ் பயிற்றும் நமக்கு இயல்பாகவே எழும் வினா ஒன்றுண்டு. அப்பிள்ளைகளின் தமிழ் என்னாகும்? அயல்நாட்டுக் குடும்பங்களில் முதற்பிள்ளை ஓரளவு தமிழ் பேசும். அது பள்ளிக்குச் சென்று ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொணரும். அடுத்த பிள்ளைகள் அம்மூத்த பிள்ளையிடமே மொழி கற்பதால், கடைக்குட்டிக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பேச வாராது. இது பலரும் கண்ட காட்சி.

இல்லக் கல்வியில் இந்நிலையை மாற்ற வாய்ப்புண்டு. வீடு தமிழ் பேசினால் பள்ளியும் தமிழ் பேசும். ஆயினும் அது தானாக நிகழாது. நூல்களும் தேர்வும் ஆங்கிலத்தில் உள்ளன. மூத்த பிள்ளை தமிழைப் பற்றிக்கொண்டால் இளையோர் அதன்வழி பற்றுவர். எனவே அரைமணி நேரத் துணைப்பாடத்தை மூத்தவர் தமிழில் நடத்தட்டும். இரவில் இளையோர்க்குத் தமிழ்க்கதை சொல்லட்டும். தாயகத்திலுள்ள பெரியோர்க்கு மாதம் ஒரு மடல் எழுதட்டும். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்ற இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அயலகத் தமிழர்க்கெனப் படிநிலைப் பாடங்களை வழங்குகின்றது. அதனையும் பயன்கொள்ளலாம்.

நிறைவாக

தேர்வு பற்றிய கவலைக்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் தனித்தேர்வராக ஜி.சி.எஸ்.இ. தேர்வு எழுதலாம். கட்டணத்தைப் பெற்றோரே செலுத்த வேண்டும். இந்தியப் பாடத்திட்டத்தை நாடுவோர்க்கு 1989இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. தாயகம் திரும்பிக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைக்கு எச்சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை, பதினான்கு வயதுக்கு முன்னரே பெற்றோர் கேட்டறிதல் நலம்.

இல்லக் கல்வி எல்லார்க்கும் உரியதென நாம் கூறவில்லை. நல்ல பள்ளியும் நல்ல ஆசிரியரும் வாய்த்த பிள்ளைக்கு அதுவே போதும். வீட்டைப் பள்ளியாக்கத் துணிந்தோரை ஊர்ப் பெரியோர் வினவுங்கால், "பிள்ளைகள் படிக்கின்றனரா?" என்பதோடு நில்லாது, "மூத்தவள் தனக்கெனப் படிக்கின்றாளா? அவளுக்குத் தோழியர் உளரா?" என்றும் வினவுதல் வேண்டும். அவ்விரு வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை கிடைக்கும் இல்லத்தில் இளையவர் கல்வியைப் பற்றி நாம் பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை.